வில்லுக்கத்தியும் விழுமியமும்

அறவியல் பற்றிப் பேசப் புகுவோர் போர், கொலை, துறவு, அரசு முதலிய பெரும் பொருள்களையே உதாரணமாக எடுத்துக்கொள்வது வழக்கம். நாளாந்த வாழ்விற் கையாளும் சிறு பொருள்கள் அறவியலின் எல்லைக்குப் புறம்பானவை என்ற எண்ணம் அவ்வழக்கத்தின் பின்னால் மறைந்து நிற்கின்றது. ஆனால், ஒரு பொருளை வாங்கும்போது அதன் விலை யாருடைய உழைப்பிற்குச் செல்கின்றது, வாங்கிய பின்னர் அப்பொருள் தொடர்பாக நமக்குள்ள கடப்பாடு யாது என்னும் வினாக்கள் அறவியல் வினாக்களே. இக்கட்டுரை அத்தகைய சிறு பொருளொன்றினை எடுத்து ஆராய முற்படுகின்றது. அது சட்டைப்பையில் அடங்கும் மடக்குக் கத்தி. யாழ்ப்பாணத்தார் அதனை வில்லுக்கத்தி என்பர்.

இளைஞன் ஒருவன் தன் முதலாவது வில்லுக்கத்தியைத் தெரிவு செய்கின்றான் எனக் கொள்வோம். சந்தையில் மலிவான கத்தி உண்டு. பெயர்பெற்ற நிறுவனமொன்றின் கத்தியும் உண்டு. அதன் விலையோ முன்னையதிற் பன்மடங்கு. இரண்டும் மாம்பழத்தை அறுக்கும். இரண்டும் கயிற்றை வெட்டும். அவ்வாறிருக்கப் பன்மடங்கு விலை கொடுத்து மேலானதை வாங்குதல் நியாயமாகுமா, அன்றி அது வெறும் ஆடம்பரமா என்பதே நம்முன் உள்ள வினா.

இவ்வினாவைத் தீவகத்தில் வைத்து நோக்குதல் பொருத்தமாகும். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களில் கத்தி புழங்காத தொழில் அரிது. ஓலை வாரச் சத்தகம், ஆட்டுக்குக் குழை பறிக்கக் கொக்கைச்சத்தகம், பாளை சீவப் பாளைக்கத்தி, வெற்றிலைத் தட்டத்திற் பாக்குவெட்டி எனத் தொழிலுக்கொரு கருவி அங்கு உண்டு. இவை வீட்டிலோ தொழிலிடத்திலோ தங்குவன. மனிதன் செல்லுமிடமெல்லாம் உடன் செல்வது வில்லுக்கத்தி. தோணியில் முடிச்சு இறுகிய கயிற்றை அறுப்பதற்கும், வேலியோரத்தில் நுங்கின் கண்ணைத் திறப்பதற்கும், பள்ளி மாணவனின் பென்சிலைச் சீவுவதற்கும் அது ஒன்றே போதும்.

மடக்குக் கத்தி நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று. ஏட்டுச் சுவடிகள் வழங்கிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்றொரு கருவி இருந்தது. எழுதும் ஊசியும் ஓலை வாரும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடிந்து அடங்குமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. எழுத்தும் கூரும் ஒரே பிடியில் இருந்த அக்காலத்தில், கத்தியைப் பேணுதல் கல்வியின் ஒரு கூறாகவே இருந்தது எனலாம்.

இன்று தீவகத்திற்கு வரும் பெயர்பெற்ற கத்தி பெரும்பாலும் சுவிற்சர்லாந்திலிருந்து வருவது. 1990ஆம் ஆண்டுப் போர்ச் சூழலில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அதற்கு முன்னும் பின்னும் பலர் கடல் கடந்தனர். புங்குடுதீவைச் சேர்ந்தோர் பலர் சுவிற்சர்லாந்திற் குடியமர்ந்தனர். அங்கிருந்து விடுமுறைக்கு வரும் மாமன் மருமகனுக்குக் கொண்டுவரும் பொருள்களுள் செந்நிறப் பிடியும் வெண்சிலுவையும் கொண்ட வில்லுக்கத்தி ஒன்றும் இருப்பதுண்டு.

அக்கத்தியின் வரலாறு ஈண்டு நோக்கற்பாலது. கார்ள் எல்செனர் என்பார் 1884ஆம் ஆண்டு சுவிஸ் மாநிலத்தின் இபாக் என்னும் ஊரிற் கத்திப் பட்டறையொன்றைத் தொடங்கினார். அந்நாட்டுப் படையினருக்கான மடக்குக் கத்திகள் அப்போது ஜேர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்தே தருவிக்கப்பட்டன. அவ்வேலையை உள்நாட்டுக் கைவினைஞருக்குப் பெற்றுத்தர அவர் முயன்றார். வறிய மலைப்பகுதியிலிருந்து வேலை தேடி மக்கள் வெளியேறுவதைத் தடுத்தலும் அம்முயற்சியின் நோக்கமாகக் கூறப்படுகின்றது. 1891இல் முதலாவது தொகுதிக் கத்திகள் படையினருக்கு வழங்கப்பட்டன. சோலிங்கன் பட்டறைகள் மலிவாகச் செய்து கொடுத்தமையால் எல்செனர் பெரும் நட்டமடைந்தார், எனினும் தளரவில்லை. 1897இல் அவர் அமைத்த பல அலகுக் கத்தியே பின்னர் உலகெங்கும் பரவியது. தாயின் பெயராகிய விக்டோரியாவும் துருவேறா உருக்கின் குறியீடும் இணைந்து, 1921இல் விக்டோரினொக்ஸ் என்னும் பெயர் பிறந்தது. மக்கள் ஊரைவிட்டுப் போகாதிருத்தற்பொருட்டுத் தொடங்கிய தொழிலின் விளைபொருள், ஊரைவிட்டுப் போன நம்மவரின் பயணப் பெட்டியில் நம்மிடம் வந்து சேர்கின்றது. இம்முரண் பிற்பகுதியில் மீண்டும் நம் கவனத்திற்கு வரும்.

இனி, மேலான கத்தியின் மேன்மை எதில் உள்ளது என நோக்குவோம். கத்தியின் உயிர் அலகு. செங்கனலாகக் காய்ச்சிய உருக்கை எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது மிகக் கடினமாகும். அதேவேளை எளிதில் நொறுங்கும் இயல்பையும் அடையும். அதனை மீண்டும் மிதமான சூட்டில் வைத்து அவ்வியல்பைத் தணித்தல் வேண்டும். கடினம் மிகுந்தாற் கூர் நெடுநாள் நிற்கும்; ஆயின் அலகு முறியலாம், தீட்டுவதும் கடினம். கடினம் குறைந்தால் தீட்டுதல் எளிது. கூர் விரைவில் மழுங்கும். சுவிஸ் கத்தியின் அலகு றொக்வெல் அளவையில் ஏறத்தாழ 56 ஆகும். இன்று மிக உயர்ந்த விலைக்கு விற்கப்படும் கத்திகள் சிலவற்றில் அது 60ஐத் தாண்டும். எண் கூடியது எல்லார்க்கும் மேலானது எனக் கருதுவது தவறு. வீட்டுச் சாணைக்கல்லில் தீட்ட இயலாத அலகு தீவில் வாழ்பவனுக்கு நாளடைவிற் பயனற்றதாகிவிடும்.

உருக்கின் வகையும் கருதத்தக்கது. 1913ஆம் ஆண்டு ஷெபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி என்பார் ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் கலந்த உருக்கை வார்த்து, அது எளிதில் துருவேறாமையைக் கண்டார். உப்புக் காற்று ஓயாது வீசும் நெடுந்தீவு போன்ற இடத்தில் இதன் பயன் சொல்லாமலே விளங்கும். பழைய கரிய உருக்கு அலகு கூர்மைக்குப் பெயர்போனது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டுவரும் ஒப்பினெல் கத்தி அதற்குச் சான்று. ஆனால், அவ்வலகை நாள்தோறும் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். அதற்கு மனமில்லாதவன் துருவேறா உருக்கைத் தெரிதலே முறை.

அடுத்து மூட்டும் வில்லும். பிடியினுள் அமைந்த தட்டையான வில்லே அலகைத் திறந்த நிலையிலும் மடிந்த நிலையிலும் நிறுத்துகின்றது. வில்லுக்கத்தி என்னும் பெயர் அதனாலேயே பொருந்துகின்றது. திறந்த அலகு பக்கவாட்டில் ஆடலாகாது. மடித்தபோது பிடியின் நடுவே எதிலும் உராயாது அமைதல் வேண்டும். வில்லுக்கும் அலகின் அடிக்கும் இடையில் வெளிச்சம் தெரியலாகாது. வில்லின் அழுத்தம் மட்டுமே அலகைத் தாங்குவதாற் குத்தித் துளைக்கும் வேலைக்கு அது ஏற்றதன்று. அலகு கைவிரலின்மேல் மடியாதிருக்கச் சுழல்வளையத்தாற் பூட்டும் முறையை ஒப்பினெல் நிறுவனம் 1955இற் கொண்டுவந்தது. முதற் கத்தியைத் தேர்பவன் இத்தகைய பூட்டு உண்டா எனப் பார்த்தல் நன்று.

இவற்றைக் கூறியதன் நோக்கம் ஒன்று உண்டு. மேலான கத்தியின் விலையில் ஒரு பெரும்பகுதி, கடையிற் கண்ணுக்குப் புலப்படாத வேலைக்கு உரியது. பதப்படுத்தலின் செம்மையை வாங்கும்போது எவரும் காணமுடியாது. பல ஆண்டு கழிந்த பின்னரே அது வெளிப்படும். எனவே, வாங்குபவன் செய்தவனை நம்பியே விலை கொடுக்கின்றான். அந்நம்பிக்கையின் அடையாளமாக அலகின் அடியிற் பொறிக்கப்பட்ட பெயர் நிற்கின்றது.

இங்கே ஒரு தடை எழும். பெயருக்குக் கொடுக்கும் விலை எல்லாம் தொழிலுக்குக் கொடுக்கும் விலையாகுமா? தோர்ஸ்டீன் வெப்ளன் 1899இல் வெளியிட்ட நூலில், கையாற் செய்த வெள்ளிக் கரண்டியையும் இயந்திரத்தாற் செய்த மலிவான கரண்டியையும் ஒப்பிட்டு, முன்னையதன் மதிப்பிற் பெரும்பகுதி அதன் அருமையாலும் விலையாலும் எழுந்ததேயன்றிப் பயனால் எழுந்ததன்று எனக் காட்டினார். கத்திக்கும் இது பொருந்தும். அமெரிக்கச் சிறு பட்டறைகள் சில செய்யும் மடக்குக் கத்திகள் பல நூறு டொலர் விலை பெறுகின்றன. அவற்றை வாங்குவோருட் பலர் பெட்டியில் வைத்துப் பார்த்து மகிழ்வதோடு அமைகின்றனர். கீறல் விழுந்தால் மதிப்புக் குறையும் என அஞ்சுகின்றனர்.

இந்நிலையைத் தமிழ் மரபு நெடுங்காலத்திற்கு முன்பே கண்டு நகைத்திருக்கின்றது. புறநானூற்றின் 95ஆம் பாடலில், அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் காண்கின்றார். அங்குள்ள படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலில் உள்ளன. அதியமானின் படைக்கலங்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து, கொல்லனின் சிறு உலைக்கூடத்திற் கிடக்கின்றன. புகழ்வதுபோற் பழிப்பதும் பழிப்பதுபோற் புகழ்வதுமாகிய அவ்வுத்தியில் ஒரு மெய்ம்மை அடங்கியுள்ளது. கருவியின் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை; தொழிற்பட்டுத் தேய்ந்து மீண்டும் கொல்லனிடம் செல்வதில் உள்ளது. ஆடம்பரத்திற்கும் நற்றெரிவிற்கும் இடையிலான எல்லைக்கோட்டை விலையிலன்றிப் பயன்பாட்டிலேயே இடல் வேண்டும் என்பதற்கு இதுவே போதிய சான்று. வீட்டுச் செலவிற்கு வேண்டிய பணத்தைக் கொண்டு விலையுயர்ந்த கத்தி வாங்குதல் எவ்வாற்றானும் நியாயமாகாது என்பதனையும் உடன் கூறுதல் வேண்டும்.

பயன்படுத்தினாற் போதுமா என்பது அடுத்த வினா. அமெரிக்கச் சிந்தனையாளர் தோரோ 1854இல் வெளியிட்ட ‘வால்டன்’ என்னும் நூலில் இரு சிறுவரை நம்முன் நிறுத்துகின்றார். ஒருவன் வேண்டியவற்றைப் படித்தறிந்து, தானே தோண்டி உருக்கிய தாதுவிலிருந்து தன் மடக்குக் கத்தியைச் செய்துகொள்கின்றான். மற்றவன் உலோகவியல் விரிவுரைகளைக் கேட்டு, தந்தையிடமிருந்து றொஜர்ஸ் பேனாக்கத்தி ஒன்றைப் பெறுகின்றான். இவர்களுள் அதிகம் முன்னேறியவன் எவன், விரலை வெட்டிக்கொள்ளக்கூடியவன் எவன் என அவர் வினவுகின்றார். றொஜர்ஸ் என்பது ஷெபீல்டின் தலைசிறந்த கத்தி நிறுவனத்தின் பெயர்.

பல்கலைக்கழகத்தில் விரிவுரை கேட்போர் இவ்வினாவை எளிதிற் கடந்து செல்லலாகாது. எனினும், தோரோ காட்டும் இரு வழிகள் மட்டுமே உள்ளன என்பதை ஏற்றுக்கொள்வதற்கில்லை. எந்த மனிதனும் தன் கருவிகள் அனைத்தையும் தாதுவிலிருந்து தொடங்கிச் செய்தல் இயலாது. பிறர் உழைப்பைப் பெற்றே நாம் அனைவரும் வாழ்கின்றோம். மூன்றாவது சிறுவன் ஒருவனும் இருக்கலாம். அவன் கத்தியைச் செய்யவில்லை. ஆயினும் அது எவ்வாறு செய்யப்பட்டது என அறிவான். மழுங்கினால் தானே தீட்டுவான். மூட்டில் மணல் சேர்ந்தாற் கழுவி எண்ணெய் விடுவான். வில் தளர்ந்தாற் கொல்லனிடம் கொண்டுசெல்வான். பெற்றதைப் பேணுவதன் வாயிலாகச் செய்தவனின் அறிவில் ஒரு பங்கினைத் தனதாக்கிக்கொள்கின்றான். அவனே உண்மையில் அக்கத்தியின் உடைமையாளன்.

இனி, பெயர் பற்றிய வினாவிற்கு வருவோம். ஷெபீல்ட் வட்டாரக் கத்தித் தொழிலாளரின் கழகம் 1624இற் சட்டத்தின்மூலம் நிறுவப்பட்டது. தொழில் வல்லார் ஒவ்வொருவருக்கும் தனிக்குறி வழங்கிப் பதிவுசெய்தல் அதன் பணிகளுள் ஒன்று. விண்மீனும் சிலுவையுமாகிய றொஜர்ஸ் குறி 1764இல் வழங்கப்பட்டது. குறியைத் திருடிப் பொறித்தல் பெருகியபோது, பிரித்தானியா 1887இல் வணிகப் பொருட் குறிகள் பற்றிய சட்டத்தை இயற்றியது. தொழிலாளியின் பெயர் அவனது மானத்தின் பிணையாகும் என்ற கொள்கை இவற்றின் அடிப்படை.

ஆனால், பெயர் பொறிக்கப்படாதோரும் பலர் உளர். ஷெபீல்டில் உலர்கல்லிற் கூர் தீட்டிய தொழிலாளர் கல்தூசையும் உலோகத்தூசையும் மூச்சிழுத்து இளமையிலேயே மாண்டனர். அவர்களின் சராசரி வாழ்நாள் 35 ஆண்டை எட்டுவது அரிது என ஏங்கெல்ஸ் 1845இல் வெளிவந்த நூலிற் குறிப்பிடுகின்றார். புகழ்பெற்ற குறிக்குக் கீழே அவர்களின் பெயர் இல்லை.

இன்னும் அண்மையான உதாரணமொன்று நமக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் பெயர்பெற்ற கத்திவினைஞர் இந்தியாவிலிருந்து வந்த ‘வூட்ஸ்’ உருக்கினாற் கூர்ங்கருவிகள் செய்தார். அதன் சிறப்பை அவர் பெரிதும் பாராட்டினார். அவருடன் இணைந்து உருக்கை ஆராய்ந்த மைக்கேல் பரடே 1819இல் வூட்ஸ் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அச்சொல்லே உக்கு, உருக்கு என்னும் திராவிடச் சொற்களோடு உறவுடையதாகக் கொள்ளப்படுகின்றது. ஈழத்திலும் சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் விசையைக் கொண்டு இரும்பை உருக்கிய உலைகளை கிலியன் ஜுலெப் அகழ்ந்து, 1996இல் உலகிற்கு அறிவித்தார். அவை ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. ஸ்டோடார்ட்டின் பெயரை நாம் அறிவோம். பரடேயை அறியாதார் இலர். உலையை ஊதியவரின் பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரியாது.

இதனைப் பிறர்மேல் மட்டும் குற்றமாகச் சாட்டுதல் நேர்மையாகாது. நம் ஊர்க் கொல்லரின் நிலை யாது? கருவியின்றி உழவுமில்லை, கடற்றொழிலுமில்லை என்பதை அறிந்திருந்தும், அவரைச் சாதிக் கடமைக்கு உட்பட்டவராகவே சமூகம் நடத்தியது. பாளைக்கத்தியின் கதை இதனினும் கொடிது. பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். மழுங்கிய அலகு பாளையைச் சிதைத்துச் சுரப்பைக் கெடுத்துவிடும். ஆகவே, தீவகத்தின் மிகக் கூரிய அலகும், அதனைப் பேணும் மிக நுண்ணிய கைப்பழக்கமும் பனையேறும் தொழிலாளியிடமே இருந்தன. அவ்வறிவிற்குச் சமூகம் அளித்த பரிசு தீண்டாமை. கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் மறுக்கப்பட்ட உரிமைகளுக்காக 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட வேண்டியிருந்தது. அதன் பின்னரும் போராட்டங்கள் வேண்டியிருந்தன.

அரிஸ்டோட்டில் ‘அரசியல்’ நூலின் தொடக்கத்தில் டெல்பிக் கத்தியைக் குறிப்பிடுகின்றார். பல வேலைகளுக்கும் பயன்படுமாறு கொல்லர் சிக்கனமாகச் செய்த கத்தி அது. இயற்கை அவ்வாறு செய்வதில்லை, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பயனுக்கென்றே படைக்கின்றது என்பது அவர் வாதம். கருவியைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. பாளைக்கத்தி செய்யும் வேலையை வில்லுக்கத்தி செய்யமாட்டாது. ஆனால், பெண்ணையும் அடிமையையும் இயல்பாலேயே வேறுபட்டோர் எனக் காட்டுவதற்கு அவர் அவ்வுவமையைக் கையாள்கின்றார். நம் சாதியமைப்பும் அதே பிழையையே செய்தது. கருவிக்கு ஒரு தொழில் என்பது செம்மை. மனிதனுக்குப் பிறப்பால் ஒரு தொழில் என்பது கொடுமை. கத்தியைப் பற்றிச் சிந்திப்பவன் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

கத்தி கருவி மட்டுமன்று, ஆயுதமும் ஆகும் என்பார்க்கு விடை கூறுதலும் கடன். யப்பானில் மிக்கி நகரப் பட்டறைகள் செய்த ஹிகோனோகாமி என்னும் எளிய மடக்குக் கத்தி பள்ளிச் சிறுவர் பலரின் பையில் இருந்தது. 1960இற் சோசலிசக் கட்சித் தலைவர் அசனுமா மேடையில் வைத்து இளைஞன் ஒருவனாற் குத்திக் கொல்லப்பட்டார். அவன் கையாண்டது குறுவாள். எனினும் சிறுவரிடமிருந்து கத்திகளை அகற்றும் இயக்கம் அதன்பின் வலுப்பெற்றது. பட்டறைகள் பல மூடின. ஆயினும், நாகானோ மாநிலத்துத் தொடக்கப்பள்ளி ஒன்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அக்கத்தியை வழங்கிப் பென்சில் சீவப் பழக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டது. நீண்ட போரைக் கண்ட நம் மண்ணில், சட்டைப்பையில் இருந்த இரும்புத்துண்டு ஒருகாலத்தில் உயிருக்கே கேடாகக்கூடியதாக இருந்தது. அத்தகைய மண்ணில் ஒரு பிள்ளையின் கையிற் கத்தியைக் கொடுத்து, ‘இது வெட்டுவதற்கு, காயப்படுத்துவதற்கன்று’ எனக் கூறுதல் சிறு செயலன்று. அது ஒரு நம்பிக்கை அளிப்பு. பெறுபவனுக்கு அது பொறுப்பு.

தொகுத்து நோக்குமிடத்து, முதலாவது வில்லுக்கத்திக்கு உயர்ந்த விலை கொடுத்தல் தன்னளவில் ஆடம்பரமாகாது. இயலுந் தகுதி இருந்து, கத்தியை உழைப்பிற்கு உட்படுத்தி, தன் கையாலேயே தீட்டிப் பேணுபவனுக்கு அது நியாயமான தெரிவே. ஆனால், அவ்விலையின் நியாயம் ஒரு கொள்கையின்மேல் நிற்கின்றது: நுண்ணிய தொழில் நல்ல ஊதியத்திற்கும் மதிப்பிற்கும் உரியது என்பதே அக்கொள்கை. இபாக் ஊர்த் தொழிலாளிக்கு அதனை ஏற்றுக்கொண்டு நம் ஊர்க் கொல்லனுக்கு மறுப்பவன், கொள்கைக்கன்றிப் பகட்டிற்கே விலை கொடுத்தவனாவான். வெளிநாட்டுக் கத்திக்குப் பேரம் பேசாது பணத்தைக் கொடுத்துவிட்டு, அதைத் தீட்டித்தரும் கொல்லனிடம் ஐம்பது ரூபாவுக்கு வாதாடுவோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.

எல்செனர் தம் ஊரார் வெளியேறாதிருக்க ஒரு பட்டறையைக் கட்டினார். அரசு அவரிடம் வாங்கியது. அவர் பெயர் அலகில் நின்றது. தீவகத்தின் பட்டறைகளில் எஞ்சியிருக்கும் கைகளிடம் நாம் எதனை வாங்குகின்றோம், அவர்களின் பெயர்களை எங்கே பொறித்து வைத்திருக்கின்றோம் என்னும் வினாக்களுக்கு விடை காணுதல், கத்தி வாங்கும் இளைஞனுக்கு மட்டுமன்றி, அவனுக்கு உலோகவியலும் பொருளியலும் மெய்யியலும் கற்பிக்கும் நமக்கும் உரிய கடமையாகும்.